அமீர் பாய்க்கு ஒரு போஸ்டர்

அமீருதீன் பாய் காலமான செய்தி சேலையூர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த அந்த வியாழக்கிழமை காலையில், அவர் மொட்டை மாடியில் பனியனை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம். விடாமல் பெய்த மழை கொஞ்சம் மூச்சு வாங்க, வெயில் எட்டிப் பார்த்த நேரம். அதைக் கோட்டைவிட்டால் அடுத்த வெயில் என்றைக்கோ.

நான் பால் வாங்கக் கேம்ப் ரோடு வரை போயிருந்தேன். டீக்கடை பக்கத்துச் சுவரில் அந்த போஸ்டரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கறுப்பு வெள்ளையில் பாயின் முகம், லேசான சிரிப்போடு. சுற்றிலும் வெறும் வெள்ளை. கீழே பெயர். அதற்குக் கீழே 1999 – 2024. பிறகு, ‘தாம்பரத்தை ஓட்ட வைத்தவர்’ என்று ஒரு வரி. கடைசியில், ‘ஞாயிறு மாலை, சேலையூர் சமூகக்கூடத்தில் ஒன்றுகூடுவோம். நன்றியுடன், மாணவர்கள்.’

தொண்ணூற்றொன்பதில் பிறந்தவருக்கு எப்படி நரைத்த தாடி இருக்க முடியும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அன்றைக்குக் கேம்ப் ரோட்டில் யாருமே அந்த நிலையில் இல்லை. போஸ்டரைச் செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பாலை மறந்து வீட்டுக்கு ஓடி வந்தேன். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் பாய் வீடு. நிமிர்ந்து பார்த்தால் மாடியில் மனிதர் நிற்கிறார்.

“இன்னா சார், இப்படி மூச்சு வாங்குது? நாய் தொரத்திச்சா?” என்றார்.

“இல்ல பாய், சும்மா வாக்கிங்” என்றேன். அதற்குள் தெருமுனையில் பட்டாபிராமன் சார் வருவது தெரிந்தது. கையில் ரோஜா மாலை. பின்னால் அவர் மனைவி பட்டு மாமி, மூடிய எவர்சில்வர் தூக்கோடு. மாமி சத்தமாக அழுதுகொண்டே வந்தாள்.

இந்த இடத்தில் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ‘அமீர் டிரைவிங் ஸ்கூல்’ என்றால் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை தெரியும். இந்தப் பக்கம் கார் ஓட்டுகிற வாத்தியார்கள், வங்கிக்காரர்கள், டாக்டர்கள் என்று பாதிப் பேர் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள்தான். நானும் வாங்கியிருக்கிறேன். வெளியில் அவர் பசு. எல் போர்டு மாட்டிய வண்டியில் ஏறி இடது பக்கம் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். “அது கிளட்ச்சா, தையல் மிஷினா?” என்று அவர் கத்துவது எதிர்வரிசைக் கடைகளுக்கெல்லாம் கேட்கும். திட்டு வாங்காமல் அவரிடம் லைசென்ஸ் எடுத்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் அவரிடம் படித்தவர்கள் வண்டியை எங்கேயும் இடித்ததும் கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் வண்டியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அவருடைய ஒரே மகள் சோயா. பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு படித்தாள். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் போய்வந்து, முதல் வகுப்பில் தேறினாள். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். இல்லாத ஒரு பற்பசைக் கம்பெனியை அவர்களே உண்டாக்கி, அந்தப் பற்பசையால் பல் கொட்டுகிறது என்று ஒரு வதந்தியையும் அவர்களே உண்டாக்கி, பிறகு அதை எப்படி அடக்குவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். எனக்கு அந்தப் படிப்பு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் வீட்டில்தான் பிடிக்கவில்லை.

“மக்கள் தொடர்புன்னா இன்னாமா?” என்பார் பாய். “காலைல அஞ்சரைலேர்ந்து நான் மக்களோடதான் தொடர்புல இருக்கேன். அதுக்குப் போய் எம்.ஏ.வா?”

“அத்தா, ஒரு கம்பெனியைப் பத்தி, ஒரு ஆளைப் பத்தி ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு பாத்து, அவங்களுக்குச் சரியா எடுத்துச் சொல்றது.”

“நல்லவன்னா ஜனங்களே சொல்லிப்பாங்க. கெட்டவனுக்குத்தான் ஆள் வெச்சுச் சொல்லணும்.”

அம்மா ஜஹீராவுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் கிடையாது. “பி.எட். பண்ணு, டீச்சர் ஆவு. காலைல போனமா, மத்தியானம் வந்தமான்னு இருக்கும்” என்பதோடு சரி.

கிண்டியில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் சோயாவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்றார்கள். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை நடந்தது. கடைசியில் பாய் ஒரு வழி சொன்னார். ஸ்கூல் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி விழா. அதை அவள் எடுத்து நடத்தட்டும். கூடம் நிறைந்தால் திங்கட்கிழமை கிண்டி. நிறையாவிட்டால் பி.எட். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்கிற மாதிரி, “டீல்!” என்று சோயா கத்தினாள்.

அவள் செய்த முதல் காரியம் இந்த போஸ்டர். நம் ஊர் போஸ்டர்களில் இருக்கிற சிவப்பு, மஞ்சள், தீப்பொறி, பத்துத் தலை எதுவும் கூடாது, கண்ணுக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். மேலே ‘வெள்ளி விழா’ என்று போட்டுத்தான் இருந்தாள். வெள்ளி விழா என்பதால் வெள்ளி நிறத்தில் போட்டாள். வெள்ளைத் தாளில் வெள்ளி நிறம். அச்சகத்து மேஜையில், குழல் விளக்குக்குக் கீழே, அது அழகாக மின்னியதாம்.

பட்டு மாமி வாசலில் தூக்கை வைத்துவிட்டு ஜஹீராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜஹீராவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவளும் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“அழாதீங்க மாமி. சாருக்கு இன்னா?”

“எங்காத்து மாமாவுக்கு என்ன? குத்துக்கல்லாட்டம் பின்னாடி நிக்கறார். உன்னை நெனச்சாத்தான் ஜஹீரா...”

அப்போது பாய் மாடிப்படியில் கைலியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தார். மாமி பார்த்தாள். “பெருமாளே!” என்று ஒரு அலறல். பட்டாபிராமன் சார் கையிலிருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அவர் ஒல்லி உடம்புக்கு மாலை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது.

“சார், யாருக்கு மாலை?” என்றார் பாய்.

“அது... இப்போ யாருக்கும் இல்லை பாய்” என்றார் பட்டாபிராமன்.

பிறகு ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் பல்லாவரத்தில் இருக்கும் பாயின் தூரத்துச் சொந்தக்காரப் பையன். பாய்தான் எடுத்தார்.

“மையத்தை எப்ப எடுக்குறீங்க? அஸர் தொழுகைக்கா, மஃரிபுக்கா?”

“யாரு மையத்து? நான் அமீர் பேசுறேன்.”

“அமீரண்ணன் தம்பியா? சுபஹானல்லா, குரல் அப்படியே அண்ணன் குரல் மாதிரியே கீதுப்பா.”

“டேய், எனக்கு ஏதுடா தம்பி? நான்தான்டா!” என்று பாய் கத்தினார். அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் பல்லாவரம் நம்பியது. ஆனால் அதற்குள் அங்கிருந்து ஒரு வேன் கிளம்பிவிட்டிருந்தது.

சோயா குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் செல்ஃபோனில் எடுத்துவந்த படத்தை நீட்டினேன். அவள் போட்ட போஸ்டர்தான், ஆனால் அவள் அதைச் சுவரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் ‘கண்ணீர் அஞ்சலி’, இன்னொரு பக்கம் ‘பதினாறாம் நாள் நினைவு’. நடுவில் அத்தா.

“மேல வெள்ளி விழான்னு போட்டிருக்கேனே!” என்றாள்.

பட்டாபிராமன் சார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “எங்கேம்மா?”

போஸ்டர் ஒட்டிய குப்பனுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் தழுதழுத்தது.

“கவலப்படாத பாப்பா. எல்லாம் நல்ல எடமாப் பாத்து ஒட்டிக்கினு வந்துட்டேன். ஆஸ்பத்திரி எதுர்ல, சுடுகாட்டு ரோட்டுல, சாவு போஸ்டர் ஒட்டுற செவுரு ஒண்ணு வுடல. நம்ம பாய்க்குன்னு சொல்லி ஒட்டுனேன். ராவெல்லாம் மன்சே செரியில்ல.”

சோயா ஃபோனை வைத்தாள். பட்டு மாமி, “சரி, வந்தது வந்தாச்சு, சாப்பிடுங்கோ” என்று தூக்கைத் திறந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அவசர அவசரமாகச் செய்த இட்லி, கொத்சு. ஜஹீரா எல்லோருக்கும் தட்டு வைத்தாள். பாயும் உட்கார்ந்தார். தனக்கு வந்த துக்க இட்லியை ஆறேழு விள்ளலில் முடித்துவிட்டு, கொத்சு நன்றாக இருக்கிறது என்று இன்னும் ரெண்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பல்லாவரத்து வேன், பெரிய தேக்சாப் பாத்திரம் நிறையச் சோறும் தால்சாக் குழம்புமாக வந்து நின்றது. கேம்ப் ரோட்டுப் போட்டிக்காரர், ‘டேனியல் டிரைவிங் ஸ்கூல்’ டேனியல், மலர் வளையத்தோடு வந்தார்.

“அண்ணன் ஸ்டூடண்ட்ஸைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க அண்ணி. மீதி கிளாஸை நானே...” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பாயைப் பார்த்ததும் வளையத்தோடு அப்படியே பின்னால் நடந்து வெளியே போய்விட்டார். பாய் சிரிக்கவில்லை.

அதுதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. கையைக் கழுவிவிட்டு வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தார்.

“போதும்மா சோயா. இருபத்தஞ்சு வருஷமா இந்த ரோட்டுல எனக்குன்னு ஒரு மரியாதை இருந்துச்சு. இனிமே எவன் என்னைப் பாத்தாலும் சிரிப்பான். ஞாயித்துக்கெழம ஃபங்ஷன் வேணாம். திங்கக்கெழம போயி பி.எட். அப்ளிகேஷன் வாங்கிடலாம்.”

சோயா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பெற்ற அப்பாவைப் போஸ்டர் அடித்து ஊருக்கெல்லாம் சாகடித்தது யாருக்குத்தான் தாங்கும்? ஜஹீரா அவள் தலையைத் துவட்டிவிட்டபடி நின்றாள்.

இந்த நேரத்தில்தான் பட்டாபிராமன் சார் உதவி செய்யப் புறப்பட்டார். நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில், ‘அமீருதீன் பாய் இறக்கவில்லை’ என்று ஒரு செய்தி போட்டார். அதுவரை போஸ்டரைப் பார்க்காதவர்களும் உடனே பதில் போட்டார்கள். ‘ஐயோ, சீரியஸா? எந்த ஹாஸ்பிடல்?’ ‘ஐ.சி.யூ.வா?’ ‘பி பாசிட்டிவ் ரத்தம் வேணும்னா சொல்லுங்க.’

“சார்!” என்று சோயா கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “டிலீட் பண்ணுங்க சார், ப்ளீஸ். மறுப்புன்னு ஒண்ணு விட்டா வதந்தியை நாமளே இன்னொரு தடவை சொல்ற மாதிரி. நான் எக்ஸாம்ல இதை ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்.”

“அப்போ என்னதான் பண்றது?”

“சொல்லவே கூடாது. காட்டணும்.”

சொல்லிவிட்டு அவளே வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“அத்தா, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க.”

எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மனிதர், சொந்த மகளை மட்டும் ஸ்டியரிங் பக்கமே விட்டதில்லை. எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுத்ததோடு சரி. கேட்டால், “பெத்த பொண்ணை ரோட்டுல வெச்சு எப்படித் திட்டுறது?” என்பார்.

“இப்பவா?”

“இப்பவே. கேம்ப் ரோட்டுல. கண்ணாடியை எறக்கி விட்டுட்டு.”

“நான் திட்டுவேன்மா.”

“திட்டுங்கத்தா. சத்தமாத் திட்டுங்க.”

பழைய வெள்ளை மாருதியில் எல் போர்டு மாட்டி, சோயா ஸ்டியரிங்கில், பாய் இடது பக்கம். துணைக்கு நான் பின்சீட்டில். தெருவைத் தாண்டும்வரை பாய் பூப்போலப் பேசினார். “கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடுமா... ஆங், அப்படித்தான் கண்ணு...” ராஜகீழ்ப்பாக்கம் பக்கமிருந்து ஒரு தண்ணி லாரி வந்து முன்னால் நின்றது. கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழுந்தது. சோயா காலை எடுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. திரும்ப எடுத்தாள், திரும்ப அணைந்தது. பின்னால் மாநகரப் பேருந்துக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

பாயின் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குப் பின்சீட்டிலிருந்தே தெரிந்தது.

“காலை இன்னா இட்லி மேலயா வெச்சிருக்கே? அது கிளட்ச்சும்மா, கிளட்ச்! கண்ணாடியைப் பாரு! கண்ணாடி இன்னாத்துக்கு, பொட்டு வெச்சுக்கவா? எருமைமாடு கூட இதைவிட ஒழுங்கா ரோட்டைத் தாண்டும்!”

டீக்கடையில் கிளாஸ் பிடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. யாரோ ஒருவன், “டேய், பாய் குரல்டா!” என்றான். பழக்கடைக்காரி எழுந்து நின்று பார்த்தாள். மருந்துக்கடையிலிருந்து ஆள் ஓடிவந்தது. சுவரில் ஒட்டிய பாய் சிரித்துக்கொண்டிருக்க, சுவருக்கு எதிரே காரில் இருந்த பாய், “ஃபர்ஸ்ட் கியர்! ஃபர்ஸ்ட்டு!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநரே ஹாரனை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “பாய், நான் உங்ககிட்ட கத்துக்கிட்டவன் பாய்! நல்லாத் திட்டுங்க!” என்றார். சிக்னல் முழுக்கச் சிரிப்பு. சோயாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, சிரித்தபடியே வண்டியைக் கிளப்பினாள்.

அன்றைக்கு நாங்கள் சுற்றாத ரோடு இல்லை. ஸ்டேஷன் பக்கம் போய், பாலம் ஏறி மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, திருநீர்மலை அடிவாரம் வரைக்கும். எங்கெங்கே போஸ்டர் இருந்ததோ அங்கெல்லாம் சோயா தவறாமல் ஒரு தப்புச் செய்தாள். முதல் நாலைந்து தப்பு தானாக வந்தது. பிறகு செய்தது வேண்டுமென்றே என்று நான் நினைக்கிறேன். பாய் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. மனிதர் தன் உச்சத்தில் இருந்தார். திருநீர்மலையில் குப்பன் பசை வாளியோடு எதிரே வந்தான். வண்டிக்குள் பார்த்தான். வாளி கீழே விழுந்து ரோடெல்லாம் பசை.

“யோவ் பாய்! உசுரோட கீறியா நீ?”

“கீறேன்டா. நீதான் என்னை ஒட்டிட்டே.”

குப்பன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு பாயின் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “இப்பவே போயி அல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுர்றேன் பாப்பா.”

“கிழிக்காதீங்கண்ணா” என்றாள் சோயா. “இருக்கட்டும். மேல ஒரு வரி மட்டும் செவப்புல எழுதி ஒட்டணும். ‘நேரில் வந்து பார்க்கவும்’னு.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஜஹீரா வாசலில் நின்று, நனைந்த நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டே தெருவைப் பார்த்தாள். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னவள்தான். ஆனால் மகள் தோற்றுவிடக் கூடாது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நாலு மணிக்கு மேல் ஒவ்வொரு காராக வந்தது. பிறகு வரிசையாக வந்தது. கேளம்பாக்கத்திலிருந்து, குன்றத்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். கூடத்தில் நாற்காலி தீர்ந்து, சுவரோரம் நின்று, வராந்தாவில் குடையோடு நின்றார்கள். போஸ்டரைப் பார்த்துத் துக்கம் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பேர், பாய் மகளை சிக்னலில் திட்டிய கதையைக் கேட்டு வந்தவர்கள் மிச்சப் பேர். முன்வரிசையில் பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பல்லாவரத்துக்காரர்கள் சமோசாவும் டீயும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பட்டாபிராமன் சார் மைக்கைப் பிடித்தார். “இரங்கல் கூட்டத்துக்குன்னு போஸ்டரைப் பாத்த ஒடனே உக்காந்து எழுதினேன். ஆள் இருக்கார்ங்கறதுக்காக எழுதினதை வீணாக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு, எழுதிவந்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தார். அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இல்லாமல் போயிற்று. டேனியல் வந்து, தனக்கு முதன்முதலில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அமீரண்ணன்தான், அதை இத்தனை நாள் வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது என்றார். ரோஹிணி என்று ஒரு டீச்சர், பேசப் பழக்கமில்லாத குரலில் பேசினாள்.

“வெள்ளம் வந்த வருஷம் எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. வீட்டுல யாரும் இல்ல. ஆம்புலன்ஸ் வர முடியல. நான்தான் ஓட்டினேன். தண்ணியில வண்டி நின்னுடுமோன்னு பயம். அப்போ பாய் திட்டுறது காதுல கேட்டுச்சு, ‘காலை எடுக்காதே, ஃபர்ஸ்ட்லயே போ’ன்னு. அப்பா இதோ, அங்க உக்காந்திருக்காங்க.”

கூடம் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு வயதானவர் எழுந்து கும்பிட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். கைக்குட்டையை எடுத்தவர் முகத்திலிருந்து அதை எடுக்கவே இல்லை. அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் அவரைப் பேசச் சொன்னார்கள். மேடைக்கு ஏறி மைக்கை வாங்கிக்கொண்டார்.

“எம் பொண்ணு நாளைக்குக் கிண்டில வேலைக்குச் சேர்றா” என்றார். கைதட்டல். கையைக் காட்டி நிறுத்தினார். “இன்னா வேலைன்னு இப்பவும் எனக்கு முழுசாப் புரியல. வியாழக்கெழம காலைல என்னைச் சாவடிச்சா. மத்தியானமே எழுப்பி வண்டில உக்கார வெச்சா. ஒரு மனுஷன் போனதுக்கப்புறம் அவனைப் பத்தி சொல்றதையெல்லாம், இன்னிக்கு என் காதுலயே கேக்க வெச்சுட்டா. எந்த அத்தாவுக்குங்க இது கெடைக்கும்? எங்க அத்தாவுக்குக் கெடைக்கல. நான் இதையெல்லாம் அவருக்குச் சொல்லவே இல்ல...”

சோயா மேடைக்கு ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மழை மட்டும் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜஹீரா எழுந்தாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே அவளுக்கு நினைவில்லை.

“ஏ சோயா, நாளைக்கு எத்தனை மணி ட்ரெயின்மா?” என்று அங்கிருந்தே கேட்டாள். “டிபன் கட்டணுமில்ல?”